கூடுதல் இரண்டு

தெரிந்தவர்கள் யாரும் இல்லை, சார். பஸ்ஸானாலும் வீடானாலும் காலமானார் பக்கத்தை நான் தினமும் இப்படித்தான் வரி விடாமல் படிப்பேன். முதல் பக்கத்தில் இருக்கிறவர்களால் எனக்கு இதுவரை ஒரு உபயோகமும் இல்லை. இந்தப் பக்கத்தில் இருக்கிறவர்களால்தான் ஏதாவது கிடைத்திருக்கிறது. பயந்துவிடாதீர்கள். நான் பழைய கடிகாரம் சேர்க்கிறவன்.

இந்த முகம் எனக்குப் பழக்கம். உடனே உங்கள் தாத்தா வீட்டில் ஊசல் கடிகாரம் ஒன்று இருந்தது, மணிக்கு மணி டங் டங் என்று அடிக்கும் என்று ஆரம்பிப்பீர்கள். எல்லாருடைய தாத்தா வீட்டிலும் இருந்தது. அது கடிகாரம் இல்லை, சார், சுவரில் மாட்டின சத்தம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் பின்னால் போகும். வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் தள்ளிவைப்பார். அதற்கு ஒரு பரம்பரைப் பெருமை வேறு. அதை வாங்கி வார்னிஷ் அடித்து வரவேற்பறையில் மாட்டிக்கொண்டு, தானும் சேர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் மதுரையில் மட்டும் நாற்பது பேர் தேறுவார்கள். உங்கள் கையில் இருப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் எத்தனை அடி நடந்தீர்கள், எப்போது தூங்கினீர்கள் என்று உங்களைப் பற்றி உங்களிடமே கோள் சொல்லுகிற சாமான் அது. என் மருமகனும் கட்டியிருக்கிறான்.

நான் சேர்ப்பது துல்லியத்துக்கென்று செய்த கருவிகள். கப்பலில் நடுக்கடலில் வழி கண்டுபிடிக்க வைத்திருந்த குரோனோமீட்டர், நட்சத்திரம் பார்க்கிற கூடத்தில் இருந்த கடிகாரம், அந்த மாதிரி. வீட்டில் பதினான்கு இருக்கின்றன. ஓடுமா என்றா கேட்டீர்கள்? ஓடும். ஓட விட மாட்டேன். ஓடினால் தேயும். எண்ணெய் போட்டு, நிறுத்தி, துணி சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறேன். என் மனைவி மங்கையர்க்கரசி, வருகிறவர்களிடம் எல்லாம் ஒன்று சொல்லுவாள்: "வீட்ல பதினாலு கடிகாரம் கெடக்கு. மணி பாக்கணும்னா நான் டிவியப் போடணும்." வந்தவர்கள் சிரிப்பார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

என் பெயர் சிதம்பரதாணு. எடைக்கல்லுக்கும் தராசுக்கும் முத்திரை போடுகிற துறையில் முப்பத்திரண்டு வருஷம். தட்டுக்கு அடியில் புளியை ஒட்டிவைத்து நிறுக்கிற கடைக்காரனை நான் கடை வாசலில் நின்றே பிடித்துவிடுவேன். அவன் கை சொல்லிவிடும். பொய் எடைக்காரன் பேசிக்கொண்டே நிறுப்பான், சார். பொருளைப் பார்க்க விடமாட்டான், வாயைப் பார்க்க வைப்பான். எத்தனை பேரைக் கோர்ட்டில் நிறுத்தியிருக்கிறேன். ஒருத்தனும் என் வீட்டுப் படி ஏறி ஒரு தேங்காய் கொடுத்துவிட முடியாது. அப்படி இருந்தவனுக்கு நேர்ந்ததைத்தான் சொல்லப்போகிறேன். தூத்துக்குடி வருவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. கண்டக்டரைக் கேட்காதீர்கள், அவர் 'இப்ப வந்துரும்' என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை மாதம், இதே பக்கத்தில் மூன்று வரி. லாசர் மச்சாது, வயது எண்பத்து நான்கு, தூத்துக்குடி. கப்பல் கருவிகள் பழுது பார்த்தவர். முப்பதாம் நாள் பூசை இன்ன தேதியில். மற்றவன் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவான். நான் கத்தரிக்கோலை எடுத்து அந்த மூன்று வரியை வெட்டிவைத்துக்கொண்டேன். ஏனென்றால் இந்த லாசரை எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் தூத்துக்குடியில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களில் இருந்து கடிகாரத்தை அவரிடம்தான் சரிபார்க்கக் கொண்டுவருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் மூலக் கடிகாரம் ஒன்று இருந்தாக வேண்டும் அல்லவா? அது என்ன என்று அப்போது போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. அப்போது எனக்கு இந்த ஈடுபாடு இல்லை.

முப்பதாம் நாள் போனேன். லாசரின் பழைய சிநேகிதன் என்று சொன்னேன். ஒரு தடவை அவரோடு டீ குடித்திருக்கிறேன். அது சிநேகிதம்தானே?

கடற்கரைப் பக்கம் சின்ன மச்சு வீடு. லாசரின் மனைவி பிரகாசியம்மாள், எண்பதைத் தாண்டினவர், கட்டிலை விட்டு அதிகம் இறங்குவதில்லை. மகன் அமலதாசன், உப்புக் கம்பெனியில் வேலை. மருமகள் ஜெசிந்தா, தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தப் பெண்ணைக் கவனித்துக் கேளுங்கள், அவளால்தான் எல்லாம்.

மாலை ஆறு மணி ஆனதும் பேசிக்கொண்டிருந்தவள் பாதிப் பேச்சில் எழுந்து போனாள். மூலையில் மாதா படத்துக்குக் கீழே ஒரு மேஜை. மேஜையில் பின்னல் துணி போட்டு மூடின பெட்டி. துணியை எடுத்தாள், மூடியைத் திறந்தாள். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

குரோனோமீட்டர், சார். பித்தளைக் கிண்ணம், கப்பல் எப்படி ஆடினாலும் முகம் மேலே பார்த்தபடியே இருக்க இரட்டை வளையத்தில் தொங்கும். வெள்ளி பூசின முகம், எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. செய்தவன் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. லண்டன். அவன் கையால் செய்ததில் எஞ்சியது உலகத்தில் பதினொன்று என்று சேர்க்கிறவர்கள் நாங்கள் கணக்கு வைத்திருக்கிறோம். இது பன்னிரண்டாவது. ஒரு கப்பல் ஏஜென்சியை மூடும்போது லாசரின் சேவைக்காக அவரிடமே கொடுத்துவிட்டார்களாம். யாருக்கும் தெரியாது. அந்த மேஜையில் பின்னல் துணிக்குக் கீழே முப்பத்தொரு வருஷம்.

ஜெசிந்தா கிண்ணத்தைக் கவிழ்த்துச் சாவி போட்டாள். ஏழரைச் சுற்று. ரேடியோவில் செய்திக்கு முன்னால் பிப் பிப் என்று வருமே, அதை வைத்து ஒப்பிட்டு ஒரு நோட்டில் எழுதினாள். "மாமா சாகுததுக்கு மொத நா சாயங்காலம் வரைக்கும் எழுதியிருக்காவ சார். அதான் விடக் கூடாதுன்னு நான் எழுதுதேன். நம்ம பேஷண்டு சார்ட்டு மாதிரித்தானே." நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு நோட்டு இல்லை, சார், பத்தொன்பது நோட்டு. தேதி, அதற்கு எதிரே: கூடுதல் இரண்டு. மறுநாள், கூடுதல் இரண்டு. அதற்கு மறுநாள், கூடுதல் இரண்டு. முப்பத்தொரு வருஷம்.

உங்களுக்குப் புரியாது, சொல்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு விநாடி அதிகமாக ஓடுகிறது என்று அர்த்தம். அது குறை இல்லை. குரோனோமீட்டருக்கு அதுதான் பெருமை. நேற்றும் இரண்டு, இன்றும் இரண்டு, நாளைக்கும் இரண்டு என்றால், கப்பல்காரன் கழித்துக்கொண்டு சரியான மணி தெரிந்துகொள்வான். முள்ளைத் தொடவே மாட்டான். ஒரு நாள் கூடி ஒரு நாள் குறைவதுதான் கெட்ட கடிகாரம். தப்பலாம், சார். ஒரே அளவு தப்ப வேண்டும். முப்பத்தொரு வருஷம் ஒரே அளவு தப்பின கருவி ஒன்றை, எழுத்து ஆதாரத்தோடு, நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. என் பதினான்கில் அப்படி ஒன்று இல்லை. இது இருந்தால் அந்தப் பதினான்கும் வெறும் துணைக்குத்தான்.

அங்கேயே கேட்டிருப்பேன். ஆனால் ஆசையோடு கேட்கிறவன் முகத்தைப் பார்த்தாலே விற்கிறவன் நிமிர்ந்துகொள்வான். அது எந்தக் கடையிலும் நடக்கிறதுதான். அதனால் நோட்டைப் புரட்டி உதட்டைப் பிதுக்கினேன்.

"என்ன சார்?" என்றார் அமலதாசன்.

"ஒன்றும் இல்லை. அப்பா எழுதியிருக்கிறதைப் பார்த்தேன். ஒரு நாளாவது சரியாக ஓடியிருக்கிறதா என்று தேடினேன்."

"ஓடலியா?"

"நீங்களே பாருங்கள். தினமும் இரண்டு விநாடி தப்பு. பழசு. உள்ளே தேய்ந்துபோயிருக்கும்."

அமலதாசன் நோட்டைப் பார்த்தார். ஏதோ முதல் தடவை பார்க்கிறவர் போல. "அப்பா இதப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டாவ," என்றார். அந்தப் பெண் விடவில்லை. "ஆனா சார், ரெண்டுன்னா ரெண்டுதானே இருக்கு. ஒரு நா மூணாகல, ஒரு நா ஒண்ணாகல. தெனமும் ஒரே டெம்ப்ரேச்சர்னா அது அந்த ஆளுக்கு நார்மல்னுதானே டாக்டர் சொல்லுவாவ?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நர்ஸ் வேலைக்குப் படித்த பெண், கடிகாரத்தைப் பற்றி ஒரு எழுத்து தெரியாதவள், ஒரு நிமிடத்தில் விஷயத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். நல்லவேளை, என் உத்தியோகம் கைகொடுத்தது.

"தினமும் ஒரே அளவு குறைத்து நிறுக்கிற தராசுக்கு நான் முத்திரை போடுவேனா அம்மா?" என்றேன்.

நோட்டை வாங்கி மூடிவைத்தாள். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் பேசுகிறது, சார். அதற்கு மேல் அவள் என்ன பேச முடியும்?

அன்றைக்கே, வேண்டுமானால் எனக்குக் கொடுத்துவிடுங்கள், ஒரு ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று லேசாகச் சொல்லிப் பார்த்தேன். பிரகாசியம்மாள் கட்டிலில் இருந்தே, "வருசம் திரும்பட்டும் சார். அவுக சாமான் எதையும் அதுக்குள்ள வெளிய விடப்படாது," என்றார். சரி, ஒரு வருஷம். நான் பொறுமைக்காரன்.

நடுவில் மூன்று தடவை போனேன். ஆடியில் போனபோது அமலதாசன் சொல்கிறார்: "கோயம்புத்தூர்லருந்து ஒரு பல் டாக்டர் போன் போட்டாரு சார். கடிகாரத்தப் பாக்க வரலாமான்னு கேட்டாரு." குழந்தைவேலு. வேறு யார்? அவருக்கும் இந்தப் பழக்கம்தான். ஆனால் இழுத்துப் பிடித்துத் தேடுகிற சிரமம் எல்லாம் கிடையாது. மற்றவன் மோப்பம் பிடித்த இடத்துக்குக் காரில் வந்து இறங்குவார். வாங்கினதைச் சுவரெல்லாம் மாட்டி, பல் பிடுங்கிக்கொள்ள வந்தவன் வலி மறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று விளக்குப் போட்டு வைத்திருப்பார். அவர் ஒரு தடவை அந்த நோட்டைப் பார்த்தால் போதும், உட்கார்ந்த இடத்தில் இருந்து எழுந்திருக்க மாட்டார்.

எனக்கு வேறு வழி இல்லை. அமலதாசனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "இதோ பாருங்கள். உங்கள் அப்பா இந்தத் துறைமுகத்துக் கப்பல்களுக்கெல்லாம் மணி சரிபார்த்துக் கொடுத்தவர். அவருடைய சொந்தக் கடிகாரமே முப்பத்தொரு வருஷம் தப்பாக ஓடியிருக்கிறது. விஷயம் தெரிந்தவன் யாராவது பார்த்தால் என்ன பேசுவான்? அவர் பெயர் என்ன ஆகும்? யாரிடமும் காட்டாதீர்கள். எனக்குக் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை. வெளியாளிடம் காட்டாதீர்கள்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அந்தக் கடைசி வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது. அமலதாசன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு, "நீங்க சொல்லுதது சரிதான் சார். நா பாத்துக்கிடுதேன்," என்றார். டாக்டருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரியம் முடிந்தது என்று பஸ் ஏறினேன்.

பந்தல்குடியா இது? ஆமாம், பந்தல்குடிதான். டீக்கு நிறுத்த மாட்டான். நிறுத்தினாலும் குடிக்காதீர்கள்.

தை பிறந்தது. மேலமாசி வீதியில் ஒரு ஆசாரியைப் பிடித்து, உள்ளே பஞ்சு வைத்து வெல்வெட் தைத்த பெட்டி செய்தேன். பஸ்ஸில் குலுங்கும் என்று டாக்சி வைத்துக்கொண்டு போனேன். என் வாழ்க்கையில் நான் டாக்சி வைத்தது அது இரண்டாவது தடவை. முதலாவது என் பெண் கல்யாணம்.

வருஷ நினைவுப் பூசை முடிந்து எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சத்தம் கேட்டது. குரோனோமீட்டர் விநாடிக்கு இரண்டு தடவை அடிக்கும், சார். டிக்-டிக், டிக்-டிக் என்று, பூனை நடக்கிற மாதிரி. உள்ளே இருந்து வந்தது அப்படி இல்லை. விநாடிக்கு ஒன்று. டக். டக். டக். பாத்திரம் கழுவுகிற தொட்டியில் குழாய் சொட்டுகிற மாதிரி. வேறு கடிகாரம் வாங்கி மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பின்னல் துணி இல்லை. பெட்டி திறந்திருந்தது. கிண்ணம் தங்கம் மாதிரிப் பளபளவென்று இருந்தது. முகத்தில் வெள்ளிப் பூச்சு போய்ப் பித்தளை தெரிந்தது. எழுத்துகளைக் கறுப்புப் பெயிண்டால் திரும்ப எழுதியிருந்தார்கள். நடுவில் துளை போட்டு, அதில் தங்க நிற பிளாஸ்டிக் முள் இரண்டு, சிவப்பில் ஒரு விநாடி முள். கீழே விநாடிக்கென்று இருந்த சின்ன வட்டம் மொட்டையாக நின்றது.

"குறைய நீக்கியாச்சு சார்," என்றார் அமலதாசன். முகமெல்லாம் சந்தோஷம்.

"எந்தக் குறை?"

"அந்த ரெண்டு செகண்டு. நீங்க சொன்ன பெறகு எனக்கு ஒறக்கமே வரல. அப்பா பேருக்கு ஒரு களங்கம் இருந்துரக் கூடாதுல்லா. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துல வாட்ச் கடை ஒண்ணு இருக்கு. உள்ள இருந்தத எடுத்துட்டு பேட்டரி மிஷின் போட்டாச்சு. இப்ப பாருங்க, ரேடியோவோட அப்படியே நிக்கி. சாவியும் வேண்டாம்."

உட்கார்ந்துவிட்டேன். ஜெசிந்தா தண்ணீர் கொண்டுவந்தாள். எதிரே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைக்காரர் ரெண்டு தடவ கேட்டாரு சார்," என்றாள். "'இது நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்'னு. இவுகதான், 'எடை அளவு ஆபீஸர் ஒருத்தர் பாத்து, தப்புன்னு சொல்லிட்டாரு'ன்னாவ. பெறகு அவரும் மாத்திக் கொடுத்துட்டாரு."

கேட்டீர்களா? அந்தக் கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் செய்திருக்கிறான். தொழில் தெரிந்தவன் என்றால், முடியாது, எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்க வேண்டாமா? நான் எந்த வியாபாரி மிரட்டினாலும் முத்திரை போட்டிருக்கிறேனா? எவனோ ஒரு ஆபீஸர் சொன்னான் என்று ஒருத்தன் கேட்டுக்கொள்வதா? நம் நாட்டில் யாருக்கும் சொந்த புத்தி கிடையாது, சார். அமலதாசனுக்கும்தான். ஒரு வார்த்தை எனக்குப் போன் செய்து, மாற்றட்டுமா என்று கேட்டிருந்தால்? அதுவும் இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வைத்திருந்தார்களாம்.

நான் என்ன செய்வேன்? சொல்லுங்கள். ஐயோ என்று தலையில் அடித்துக்கொள்ள முடியாது. தேய்ந்துபோன பழசு என்று சொன்னவன் நான்தான். சுற்றிலும் சொந்தக்காரர்கள் பத்துப் பேர், பூசைக்கு வந்த சாமியார் வேறு. அமலதாசன் என்னைக் காட்டி அவரிடம் சொல்கிறார்: "இவரு மட்டும் சொல்லலேன்னா சாமி, இது தப்பாவேதான் ஓடிக்கிட்டு இருந்திருக்கும்." சாமியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன்.

நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எல்லாருக்கும் சுலபமாக வந்துவிடுகிறது. எந்த உண்மையை? ஒரு துறையில் இருந்தவன் வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அதை நான் எனக்காக மட்டும் காப்பாற்றவில்லை. துறைக்காகவும்தான்.

கடைசியாக, ரொம்பச் சாதாரணமாக, "உள்ளே இருந்த பழைய மிஷின் எங்கே?" என்று கேட்டேன். ஏனென்றால் அதுதான், சார், எல்லாம். முகத்தைத் திரும்ப வெள்ளி பூசிக்கொள்ளலாம், முள்ளைச் செய்துகொள்ளலாம். அந்தச் சக்கரங்களும் அந்தச் சுருள் கம்பியும் இருந்தால் அது இன்னும் கூடுதல் இரண்டுதான் ஓடும்.

"கடைக்காரர் கவர்ல போட்டுத் திருப்பிக் கொடுத்துட்டாரு," என்றாள் ஜெசிந்தா. "'இத நான் வச்சுக்கிடக் கூடாது'ன்னாரு. ஸ்பிரிட்டுல கழுவி, மெஷின் எண்ண போட்டு, காயத்துக்குக் கட்டுத காஸ் துணியில சுத்தி, எவர்சில்வர் டப்பாவுல வச்சு மெழுகு ஊத்தி அடச்சேன். முள்ளும் அதுக்குள்ளதான் இருக்கு."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. நானே செய்திருந்தாலும் அதைவிட நன்றாகச் செய்திருக்க மாட்டேன். "அதையாவது எனக்குக் கொடுங்கள்," என்றேன். "லாசர் ஞாபகமாக."

அமலதாசன் சங்கடப்பட்டார். "சொல்லியிருந்தா கொடுத்திருப்போமே சார். இன்னைக்குக் காலையிலதான் அப்பாகூட வச்சோம்."

"எங்கே?"

"கல்லறையில. இத்தன நாளும் மண்ணாத்தானே இருந்துச்சு. வருசம் திரும்புதுன்னு கட்டினோம். நெஞ்சுக்கு நேர டப்பாவ வச்சு, மேல காங்கிரீட் போட்டு, மார்பிளும் பதிச்சாச்சு. முப்பத்தோரு வருசம் அவுக தொட்ட சாமான். வெளிய யாருக்கும் கொடுக்க மனசு வரல."

என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். ஈரம் காயாத சிமெண்டு. வெள்ளை மார்பிள். பெட்டியை டாக்சியிலேயே வைத்துவிட்டுப் போய் நின்றேன். ஜெசிந்தா என் பக்கத்தில் வந்து நின்றாள். மற்றவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மெதுவாகக் கேட்டாள்: "சார், அது நல்லாத்தானே ஓடிச்சு?"

"எது?" என்றேன்.

அவளும் மெழுகுவர்த்தி ஏற்றப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவது இல்லை. இத்தனைக்கும் நான் அவளை ஒரு வார்த்தை கடிந்து சொன்னது கிடையாது. வெள்ளிப் பூச்சு போனதற்கு, துளை போட்டதற்கு, ஒன்றுக்கும். அந்தப் பெருந்தன்மையெல்லாம் யாருக்குத் தெரிகிறது?

அந்தப் பல் டாக்டருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வாட்ச் கடைக்காரன் சொல்லியிருப்பான். போன் செய்து, "ஏனுங்ணா, உங்க குரோனோமீட்டரு இப்ப பேட்டரியில ஓடுதாமா? வருசத்துக்கு ஒருக்கா மாத்தோணுமா, ரெண்டு வருசம் தாங்குமுங்களா?" என்று கேட்கிறார். எங்கள் கூட்டத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். இப்போது யாரும் எனக்குக் கடிதம் போடுவதில்லை. போடாவிட்டால் போகட்டும். ஒரு பல் பிடுங்குகிறவரை நடுவில் வைத்துக்கொண்டு வார்னிஷ் அடித்த ஊசல் கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

நான் விசாரித்துவிட்டேன், சார். அது குடும்பக் கல்லறை. அந்த வீட்டில் அடுத்து யாராவது தவறினால் மேல் கல்லைப் பெயர்த்து அதிலேயேதான் வைப்பார்கள். பெயர்த்துத்தான் ஆக வேண்டும், வேறு இடம் கிடையாது. மார்பிளில் லாசர் பெயருக்குக் கீழே பிரகாசியம்மாள் பெயரையும் இப்போதே வெட்டி வைத்திருக்கிறார்கள். பிறந்த தேதி இருக்கிறது. மற்றதற்கு இடம் விட்டிருக்கிறது. அமலதாசனிடம் பேசிவைத்திருக்கிறேன்: எப்போதாவது திறக்கிற சந்தர்ப்பம் வந்தால் அந்த டப்பாவை எனக்குக் கொடுத்துவிட வேண்டும். "ஒங்களுக்கு இல்லாமயா சார்," என்றிருக்கிறார்.

பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. சுருள் கம்பிதான் எஃகு. கடற்கரை உப்புக் காற்று, மண் ஈரம். ஆனால் மெழுகு போட்டு அடைத்திருக்கிறாள். என் கணக்குப்படி மூன்று வருஷம் தாங்கும். நான்கு என்றால் சந்தேகம். ஒரு வருஷம் இப்போது போய்விட்டது.

அதனால் மாதம் ஒரு தடவை பிரகாசியம்மாளைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். எண்பத்து மூன்று வயது. சர்க்கரை, மூட்டுவலி, போன வருஷம் நெஞ்சில் சளி. போகும்போது வெறும் கையோடு போக முடியுமா? கொஞ்சம் ஆரஞ்சு, ஒரு கால் கிலோ பால்கோவா. ஆசைப்பட்டுக் கேட்கிறார், வயதானவர்களிடம் மறுக்க எனக்கு மனம் வருவதில்லை. அந்த மருமகள் ஆரஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு பால்கோவாவை என் பையிலேயே திருப்பிப் போட்டுவிடுகிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருவேன். மாத்திரை எல்லாம் ஒழுங்காகப் போடுகிறீர்களா, ராத்திரி மூச்சு முட்டுகிறதா என்று கேட்பேன். என் முகத்தைப் பார்த்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். முதலில் கட்டிலை விட்டு இறங்காதவர், போன மாதம் என்னை வழியனுப்ப வாசல் வரைக்கும் நடந்து வந்தார். சர்க்கரையும் இறங்கியிருக்கிறதாம். டாக்டரே கேட்டாராம், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று.

துறைமுகப் பாலம் தெரிகிறது. நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்கிறேன். அந்தப் பையை மட்டும் கொஞ்சம் எடுங்கள், சார்.

போன மாதம் வாசலில் நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பெத்த மவன் அடுத்த ரூம்புல கெடக்கான், எட்டிப் பாக்க மாட்டான். நீங்க மதுரையிலருந்து வாரிய," என்றார். "நீங்க இப்படி வந்து பேசிட்டுப் போறதுலயே எனக்குப் பாதி சீக்கு போச்சு சார். மாதா புண்ணியத்துல நா இன்னும் பத்து வருசம் இருப்பேன்."

அப்படியெல்லாம் சொல்லாதீர்கள் அம்மா என்றேன்.